டீ வேண்டுமா என்று உங்கள் வீட்டில் எப்படிக் கேட்பார்கள்?

மதுரைக்காரி:
மதுரையில் வளர்ந்தவள் நான். அம்மா "டீ போடவா?" என்பார். அப்பத்தாவுக்கு எதுவானாலும் "காப்பித்தண்ணி வைக்கவா?"தான், அடுப்பில் கொதிப்பது டீயாகவே இருந்தாலும். கடைக்குப் போகிறவர்கள் "ஒரு டீ அடிப்போமா" என்பார்கள். கல்யாணமாகி யாழ்ப்பாணக் குடும்பத்துக்கு வந்தேன். மாமி "தேத்தண்ணி ஊத்தட்டே?" என்று கேட்கிறார்.

பெயர்கள் எங்கிருந்து வந்தன என்பது தெரிந்த கதைதான். சீனக் கடற்கரையின் 'தே' கப்பலேறி வந்து தேயிலை, தேத்தண்ணி, டீ ஆனது. 'சா' சாயா ஆனது. எனக்கு வேண்டியது வினைச்சொல். பெயர் வியாபாரிகளோடு வந்தது, வினை நம் அடுப்படியில் பிறந்தது என்று நினைக்கிறேன். உங்கள் வீட்டில் டீயைப் போடுவார்களா, வைப்பார்களா, ஊத்துவார்களா? காதால் கேட்டதை மட்டும் எழுதுங்கள், அகராதி வேண்டாம்.

வடமராட்சி:
உங்கள் மாமி சொல்வது சரியான சொல். எங்கள் வீட்டில் தேயிலையைத் தண்ணீரோடு சேர்த்துக் கொதிக்க விடுவதில்லை. வடியில் தேயிலையைப் போட்டு, நன்றாகக் கொதித்த தண்ணீரை மேலே ஊற்றுவோம். கீழே இறங்குவது சாயம். சாயம் கூடினால் கயர்க்கும், குறைந்தால் வெறும் தண்ணி. ஊத்துகிற வேலைதான் அதில் முக்கியம், அதனால்தான் அந்தச் சொல் நின்றிருக்கிறது என்பது என் எண்ணம். "தேத்தண்ணி போடு" என்றும் சொல்வோம், இல்லை என்று சொல்லவில்லை.

பாலுக்கு மட்டும் "விடு". "பால் விடட்டே?" என்று கேட்பார்கள். வேண்டாம் என்றால் வெறுந்தேத்தண்ணி, கடைப்பேச்சில் பிளேன்ரீ. நாங்கள் 'ரீ' என்றுதான் எழுதுவோம், அதைப் பிழை என்று திருத்த வேண்டாம். சீனிக்குப் பதிலாகப் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடிப்பதும் உண்டு. பனங்கட்டி இருக்கும் ஓலைக் குட்டானைப் பிரித்ததும் வரும் அந்த மணத்துக்காகவே அம்மம்மா பின்னேரம் சீனியைத் தொடமாட்டார். இன்னொன்று: மாமி "சீனி காணுமே?" என்று கேட்டால் போதுமா என்று அர்த்தம். எங்காவது கண்டாயா என்று தேடிப் போய்விடாதீர்கள்.

நாகர்கோவில்:
எங்கள் பக்கம் சாயாதான். திருவிதாங்கூரோடும், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்த ஊர், அந்தப் பேச்சு அப்படியே தங்கிவிட்டது. பால் இல்லாதது கட்டன் சாயா. வீட்டில் போடுவதுதான், அதில் புதுமை இல்லை. ஆனால் களியக்காவிளை தாண்டி மலையாளக் கடைகளில் சாயா 'அடிக்கிறவர்' டீ மாஸ்டர். உயரத்திலிருந்து ஊற்றி நுரை எழுப்புவதற்குப் பெயர் அது. மதுரையில் அடிப்பது குடிக்கிறவர், அங்கே அடிப்பது போடுகிறவர்.

அப்புறம், "காப்பி குடிச்சாச்சா?" என்று இங்கே காலையில் யாராவது கேட்டால் பலகாரம் சாப்பிட்டாயிற்றா என்று பொருள். டம்ளரை நினைத்துப் பதில் சொல்லாதீர்கள்.

கிள்ளான்:
மலேசியாவில் கலக்குவோம். "தண்ணி கலக்கவா?" என்றால் டீயோ மைலோவோ எதுவாகவும் இருக்கலாம். கோப்பையின் அடியில் கெட்டிப் பால், மேலே சாயம், கரண்டி போட்டுக் கலக்காவிட்டால் பாலும் டீயும் சேராது. வேறு எந்தச் சொல்லும் அந்த இடத்துக்குப் பொருந்தாது என்பேன். கடைக்குப் போனால் பாதி மலாய்: பாலில்லாமல் சர்க்கரையோடு தே ஓ, சர்க்கரையும் வேண்டாம் என்றால் தே ஓ கோசோங், இழுத்து ஆற்றியது தே தாரேக். உங்கள் ஊர் பார்சல் எங்களுக்கு புங்குஸ்.

மதுரைக்காரி:
கிள்ளான்காரரே, ஆற்றுவதை எழுதியதற்கு நன்றி, அதை நான் கேட்க மறந்து போனேன். எங்கள் வீட்டிலும் அப்பாவுக்கு ஆத்தித்தான் கொடுக்க வேண்டும், அது சூடு குறைக்க மட்டும். உங்களுக்கு அதுவே செய்முறை போலிருக்கிறது.

வடமராட்சிக்கு ஒரு கேள்வி. நீங்கள் சொல்கிற வடி துணியா, கம்பி வலையா? மாமியிடம் இருப்பது துணி. அதைச் சோப்புப் போட்டுக் கழுவவே விடமாட்டேன் என்கிறார்.

வடமராட்சி:
எங்களிடமும் துணிதான். சோப்பு வேண்டவே வேண்டாம், அந்த வாசம் துணியில் ஏறி நாலு நாளைக்குத் தேத்தண்ணியில் வரும். சுடுதண்ணியில் அலசி வெயிலில் போடுங்கள்.