பெருமாள்புரம் 4-வது தெரு குழு: லீவுக்குப் பிள்ளைகளுக்கு எந்தப் புத்தகம்?

[காலை 9:10] கீழ வீட்டு மைனி: எல்லாருக்கும் வணக்கம். அடுத்த வாரத்தோட ஸ்கூல் லீவு விடுதாவ. பெரியவன் மூணாப்பு முடிக்கான், சின்னவ யுகேஜி. ரெண்டும் இங்கிலீஷ் மீடியம். தமிழ்ல பேச்சு நல்லா வருது, வாசிக்கத்தான் இழுக்கான். ஆன்லைன்ல 10 கதைப் புத்தகம் செட்டா வருது, 5 முதல் 10 வயசு வரைன்னு போட்டிருக்கு. வாங்கலாமா?

[காலை 9:18] டீச்சரக்கா: எம்மா, செட்ட இப்பம் வாங்கிராதிய. அஞ்சு வயசுக்கும் பத்து வயசுக்கும் ஒரே புத்தகம்னா அது ரெண்டு பேருக்குமே சரியா அமையாது. அட்டையில போட்டிருக்க வயச விடுங்க. பிள்ளை வாசிப்புல இப்பம் எங்க நிக்குன்னு பாத்துட்டுத்தான் புத்தகம் தேடணும்.

[காலை 9:21] டீச்சரக்கா: பெரியவனுக்கு ஒரு வழி சொல்லுதேன். 50 வார்த்தை போல இருக்க ஒரு பக்கத்த சத்தமா வாசிக்கச் சொல்லுங்க. அவன் தடுமாறுத ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு விரல மடக்கிக்கிட்டே வாங்க, அவன் கண்ணுல படாம. ஒண்ணு ரெண்டு விரல்னா தனியா வாசிப்பான். மூணு நாலுன்னா பக்கத்துல ஒரு ஆள் உக்காரணும். அஞ்சும் மடங்கிச்சுன்னா அது நீங்க வாசிச்சுக் காட்ட வேண்டிய புத்தகம். ஒதுக்கிராதிய, நல்ல கதையா இருந்தா ராத்திரி நீங்க வாசிங்க.

[காலை 9:24] டீச்சரக்கா: தமிழுக்கு இன்னொண்ணும் பாக்கணும். எழுத்துக் கூட்டத் தெரிஞ்ச பிள்ளை அர்த்தம் தெரியாமலே பக்கம் முழுக்கத் தப்பில்லாம வாசிச்சிரும். நாமளும் சந்தோசப்பட்டுக்கிடுவோம். அதனால வாசிச்சு முடிச்சதும் புத்தகத்த மூடிட்டு "என்னடே நடந்துச்சு?"ன்னு கேளுங்க. வீட்டுல பேசுத மாதிரி சொன்னான்னா புரிஞ்சிருக்கு. அச்சுல உள்ள வரிய அப்படியே ஒப்பிச்சான்னா புரியல.

[காலை 9:31] மாடி வீட்டு அக்கா: டீச்சர், "கொடி"ய சில பிள்ளைய "கெரடி"ன்னு வாசிக்குதே, அது ஏன்?

[காலை 9:38] டீச்சரக்கா: நல்ல கேள்வி. அது பிள்ளை மேல தப்பில்ல, அச்செழுத்தால வாரது. நிறைய எழுத்துருவுல துணைக்காலும் ர-வும் ஒண்ணுபோலவே நிக்கும். ர-வோட அடியில சின்னதா ஒரு சாய்கோடு, அது ஒண்ணுதான் வித்தியாசம். "கொ"வுல கொம்பு முன்னால நிக்கி, கால் பின்னால நிக்கி. பிள்ளை இடமிருந்து ஒவ்வொண்ணா வாசிச்சிட்டு வந்தா கெ, ர, டி! "கௌதாரி"ய "கெளதாரி"ன்னு வாசிக்கதும் இப்படித்தான், பின்னால நிக்கது ள மாதிரியே இருக்கும்லா.

கடையில புத்தகத்த எடுத்ததும் "ரா" வார வார்த்தை ஒண்ணத் தேடுங்க. ராஜா, ராத்திரி ஏதாவது இருக்கும். ர தனியா, கால் தனியாத் தெரிஞ்சா அந்த எழுத்துரு பிள்ளைக்கு ஆகும். ரெண்டும் இரட்டைப் பிள்ளை மாதிரி நின்னா, புதுசா வாசிக்கப் பழகுத பிள்ளைக்கு அது வேண்டாம்.

[காலை 9:52] புத்தகக்கடை மாமா: டீச்சர் சொன்னதுக்கு மேல தாளையும் மொழியையும் பாக்கணும். வெல கொறஞ்ச செட்டுல தாள் மெலிசா இருக்கும், பின்பக்கத்து எழுத்து முன்னால நிழலாட்டம் தெரியும். ரொம்ப வழவழன்னு இருந்தாலும் டியூப்லைட் வெளிச்சம் பட்டு மினுங்கும். அதவிட முக்கியம், நடுப்பக்கத்த விரிச்சு மூணு வரிய நீங்களே சத்தமா வாசிச்சுப் பாருங்க. உங்க வாயே இடறுச்சுன்னா அது அவசரத்துல மொழிபெயர்த்தது, பிள்ளைக்கு ஓடாது. "பள்ளி" "பல்லி"யாக் கெடந்தா அந்தப் புத்தகத்த நம்ப வேண்டாம்.

[காலை 9:55] புத்தகக்கடை மாமா: வார்த்தை நீளத்தையும் பாருங்க. "ஓடிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு"ன்னு வந்தா மூணாப்புப் பையனுக்குப் பாதியிலயே மூச்சு நின்னுபோகும். முதல் பாதிய வாசிச்சு முடிக்கதுக்குள்ள என்ன விசயம்னே மறந்திரும். "ஓடியது. பார்த்தான்." இப்படிச் சின்ன வாக்கியமும் நெறையப் பேச்சும் உள்ள கதைதான் இவனுக்கு ஆகும். பேச்சு வரி பிள்ளைக்கு சுலபம், காதுல ஏற்கனவே இருக்கு.

[காலை 10:03] கீழ வீட்டு மைனி: ஏற்கனவே வாங்குன புத்தகத்துல நீள வார்த்தையா இருந்தா என்ன செய்ய?

[காலை 10:06] டீச்சரக்கா: சொந்தப் புத்தகம்னா பென்சிலால லேசாக் கோடு போடலாம்: ஓடிக் / கொண் / டிருந்தது. நூலகப் புத்தகம்னா கோடு போடவே கூடாது. பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில ஒரு விரல் அகலத்துக்கு ஒரு துண்டு நறுக்கி, வார்த்தையோட பின்பாதிய மறைச்சுக் கொஞ்சங் கொஞ்சமா நகத்துங்க. கடைசியில முழு வார்த்தையையும் சேத்து ஒரு தடவ வாசிக்கச் சொல்லணும். அத விட்டா துண்டு துண்டாவே நின்னுரும்.

[காலை 10:20] கீழ வீட்டு மைனி: சின்னவளுக்கு? அவளுக்கு எழுத்தே பாதிதான் தெரியும்.

[காலை 10:29] டீச்சரக்கா: அவளுக்குப் படந்தான் புத்தகம். பக்கத்துக்கு ஒண்ணு ரெண்டு வரி போதும். திரும்பத் திரும்ப ஒரே வரி வார கதையாப் பாத்து எடுங்க. நீங்க வாசிச்சிட்டு அந்த வரி வாரப்ப நிறுத்துங்க, ரெண்டாந் தடவையே அவ சொல்லிருவா. அப்படிச் சொல்லுதப்ப உங்க விரல் அந்த வரிக்கு அடியில ஓடிக்கிட்டே இருக்கணும். சத்தமும் எழுத்தும் ஒட்டுத இடம் அதுதான். பக்கத்தத் திருப்புததுக்கு முன்னால "அடுத்து என்ன வரும்?"னு ஒரு தடவ மட்டும் கேளுங்க. பக்கத்துக்குப் பக்கம் கேட்டா பரிச்சை ஆயிரும்.

அப்பறம், ஒரே புத்தகத்த இருபது தடவ கேட்டாலும் சலிக்காம வாசிங்க. "இதத்தான் நேத்தே வாசிச்சோமே"ன்னு சொல்லிராதிய. தெரிஞ்ச கதையிலதான் பிள்ளை எழுத்தக் கவனிக்கும். புதுக் கதையில அதோட கவனம் பூராவும் கதையிலயே போயிரும்.

[காலை 10:41] நூலக அண்ணாச்சி: வணக்கம். காசு போடுததுக்கு முன்னால ஓசியில கெடைக்கத சொல்லுதேன். பிரதம் புக்ஸ் நடத்துத ஸ்டோரிவீவர்னு ஒரு தளம் இருக்கு, 2015-ல ஆரம்பிச்சது. தமிழ்லயும் நெறையக் கதை இருக்கு, இறக்கிக்கிடலாம், அச்செடுத்துக்கிடலாம், எல்லாம் இலவசம். நாலு நிலையாப் பிரிச்சிருக்காவ. முதல் நிலை 250 வார்த்தைக்குள்ள, ரெண்டாவது 600 வரை, மூணாவது 1500 வரை, நாலாவது அதுக்கு மேல. மூணாப்புன்னு சொல்லி மூணாவது நிலைய எடுத்திராதிய எம்மா. தமிழ்ல இழுக்க பையனுக்கு முதல் நிலையில அஞ்சாறு கதை குடுங்க. ஒரே மத்தியானத்துல அஞ்சு புத்தகம் முடிச்சிட்டேங்கத தெம்புதான் அடுத்த நிலைக்கு ஏத்தும்.

[காலை 10:44] நூலக அண்ணாச்சி: நம்ம அரசுப் பள்ளிகள்ல வாசிப்பு இயக்கம்னு குட்டிக் குட்டிப் புத்தகமாப் போட்டிருக்காவ. அதுலயும் நுழை, நட, ஓடு, பறன்னு நாலு நிலை. பக்கத்து வீட்டுல அரசுப் பள்ளிப் பிள்ளைய இருந்தா கேட்டுப் பாருங்க, அதுகளுக்குத் தெரிஞ்சிருக்கும்.

[காலை 10:58] மாடி வீட்டு அக்கா: அண்ணாச்சி, அத அச்செடுக்கப் போனா ஜெராக்ஸ் கடையில பக்கம் தலைகீழா வந்திருதே?

[காலை 11:05] நூலக அண்ணாச்சி: நெடுக்குப் பக்கக் கதையா இருந்தா "புக்லெட்"னு சொல்லி ரெண்டு பக்கமும் அடிக்கச் சொல்லுங்க. தாளத் திருப்புதது குட்டை ஓரமா இருக்கணும். நெட்டை ஓரம்னு வச்சிட்டா பின்பக்கம் தலைகீழாத்தான் வரும். 16 பக்கக் கதைக்கு ஏ4 தாள் நாலு. பக்கம் நாலால வகுபடணும், 14 பக்கம்னா கடைசியில ரெண்டு வெத்துப் பக்கம் விழும், அதுல பிள்ளை படம் வரையட்டும். நடுவுல மடிச்சு, ஊசி நூலால மூணு ஓட்டை போட்டுத் தச்சிருங்க. பின் அடிச்சா சின்னப் பிள்ளை கையக் கிழிச்சிரும்.

[காலை 11:17] ஆச்சி: பரண்ல பழைய பத்திரிக பைண்டிங் நாலு கெடக்கு. கதையெல்லாம் பிரமாதமா இருக்கும். எறக்கிக் குடுக்கட்டா?

[காலை 11:25] டீச்சரக்கா: எறக்குங்க ஆச்சி, ஆனா பிள்ளை கையில அப்படியே குடுத்திராதிய. 1978-ல எழுத்துச் சீர்திருத்தம் வந்துச்சுலா, அதுக்கு முந்தின அச்சுல ணை, லை, ளை, னை நாலும் தும்பிக்கை வச்ச எழுத்தா இருக்கும். ணா, றா, னாவும் சுழிச்சிருக்கும். "யானை"ய எடுத்தாலே பிள்ளை கடைசி எழுத்துல நின்னுரும், தனக்குத் தமிழ் தெரியலன்னு நெனைச்சிரும். நீங்களே வாசிச்சுச் சொல்லுங்க ஆச்சி. ஒங்க வாயால கேக்கதுதான் அதுக்குப் பொருத்தம். மூணாப்புப் பையனுக்குப் பழசையும் புதுசையும் ஒரு அட்டையில பக்கத்துப் பக்கத்துல எழுதிக் குடுத்தா, ரகசிய எழுத்து கண்டுபிடிக்க மாதிரி ஆர்வமா வாசிப்பான். தூசியையும் பூச்சியையும் தட்டிட்டு, பிரஷ்ஷால நடு மடிப்பத் துடைச்சிட்டுக் குடுங்க.

[காலை 11:33] டீச்சரக்கா: நாட்டுப்புறக் கதைத் தொகுப்பு பெரியவங்களுக்குன்னு போட்டது எதுவும் வீட்டுல இருந்தா, முதல்ல நீங்க வாசிச்சுப் பாருங்க. நம்ம பக்கத்துக் கதைகள்ல பிள்ளைகளுக்கு ஆகாத சங்கதியும் கலந்து கெடக்கும்.

[மதியம் 12:10] கீழ வீட்டு மைனி: இங்கிலீஷும் தமிழும் ஒரே பக்கத்துல இருக்க புத்தகம் நல்லதா மாமா?

[மதியம் 12:22] புத்தகக்கடை மாமா: தூலிகா பதிப்பகத்துல அப்படிப் போடுதாவ, படமெல்லாம் அருமையா இருக்கும். நீங்க வாசிச்சுக் காட்டுத வயசுக்குத் தாராளமா வாங்கலாம். தானா வாசிக்க பையன் மட்டும் இங்கிலீஷ் வரிய மட்டும் ஓட்டிட்டுத் தமிழத் தாண்டிப் போயிருவான். அவனுக்குத் தமிழ் மட்டும் உள்ளதா எடுங்க. நேஷனல் புக் டிரஸ்ட் போடுத நேரு பால புத்தகாலய வரிசை, பாரதி புத்தகாலயத்தோட புக்ஸ் ஃபார் சில்ரன், வானம் பதிப்பகம் இதெல்லாம் பாருங்க. மாசப் பத்திரிகன்னா அறிவியல் பிடிச்ச பிள்ளைக்குத் துளிர். பொருநை நெல்லை புத்தகத் திருவிழா நடக்கப்ப வாங்கி வச்சா வழக்கமா 10 சதவீதம் கழிவு கெடைக்கும்.

[மதியம் 12:30] மாடி வீட்டு அக்கா: சில பையங்க கதைன்னாலே எந்திரிச்சு ஓடுதான். லாரி, பாம்பு, கிரிக்கெட்டு இதுதான் பேச்சு.

[மதியம் 12:41] நூலக அண்ணாச்சி: அப்பம் லாரியும் பாம்பும்தான் குடுக்கணும்! கதைதான் வாசிப்புன்னு இல்ல. படத்துக்கு அடியில ரெண்டு வரி விளக்கம் உள்ள புத்தகம் இந்தப் பிள்ளைகளுக்கு நல்லா ஒட்டும், ஏன்னா எந்தப் பக்கத்துல வேணும்னாலும் தொடங்கலாம். காமிக்ஸும் வாசிப்புத்தான், பேச்சுக் குமிழில எழுத்து ரொம்பப் பொடிசா இல்லன்னா சரி. பறவைப் புத்தகம் ஒண்ணு எடுத்து, கூழைக்கடாவையும் மஞ்சள் மூக்கு நாரையையும் வாசிச்சிட்டு ஒரு நாள் விடியக்காலம் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்குக் கூட்டிட்டுப் போங்க. போறதுக்கு முன்னால குளத்துல தண்ணி கெடக்கான்னு கேட்டுக்கிடுங்க, வத்திப்போனா பறவை போயிரும். புத்தகத்தையும் கையில கொண்டு போகணும். நேர்ல பாத்த பறவையோட பக்கத்த அந்தப் பிள்ளை வீட்டுக்கு வந்து தானா எடுத்து வாசிக்கும்.

[மதியம் 12:49] டீச்சரக்கா: இன்னொண்ணையும் அழுத்திச் சொல்லணும். கதை முடிஞ்சதும் "இதுல இருந்து என்ன தெரிஞ்சுக்கிட்ட?"ன்னு கேக்காதிய. பிள்ளை மறுநாள் புத்தகத்தத் தொடாது. பேசணும்னா உங்களுக்குப் பிடிச்ச இடத்த நீங்க முதல்ல சொல்லுங்க, அவன் தன்னால சொல்லுவான். பிடிக்காத புத்தகத்தப் பாதியில வைக்க உரிமை வேணும். பத்துப் பக்கம் பாத்துட்டுப் பிடிக்கலன்னா மூடிரலாம்னு முதல்லயே சொல்லிருங்க. தைரியமாப் புதுசு புதுசா எடுப்பான்.

[மதியம் 1:15] கீழ வீட்டு மைனி: எந்த நேரத்துக்கு உக்கார வைக்கணும் அக்கா?

[மதியம் 1:21] டீச்சரக்கா: கத்திரி வெயில்ல மத்தியானம் எப்படியும் வெளிய விட மாட்டோம். சாப்புட்டு முடிச்சு அரை மணி கழிச்சு, பெரியவனுக்கு 20 நிமிசம், சின்னவளுக்கு 10 போதும். டிவியும் போனும் அந்த நேரம் அணைஞ்சிருக்கணும், பெரியவங்க கையிலயும். புத்தகத்த அலமாரிக்குள்ள முதுகு தெரிய அடுக்காதிய. ஜன்னல் கம்பியில ஒரு கயிறு கட்டி, துணிக் கிளிப்பால அட்டை முன்னால தெரிய ஆறு புத்தகம் தொங்க விடுங்க. வாரத்துக்கு ஒருக்க மூணு புத்தகத்த மாத்துங்க. நேர் வெயில் படுத ஜன்னல் வேண்டாம், அட்டை வெளுத்துரும்.

[மதியம் 1:40] நூலக அண்ணாச்சி: சனிக்கிழமை காலைல பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்துக்குப் பிள்ளைகளோட வாங்க, குழந்தைகள் பகுதியில நான் கூட நிக்கேன். கிளை நூலகம் போறதா இருந்தா வெள்ளிக்கிழமை லீவு, ஞாபகம் வச்சுக்கிடுங்க. முதல்ல பத்துப் புத்தகத்த மேசையில பரப்பி விடுவோம். பிள்ளை அட்டையப் பாத்து, உள்ள ரெண்டு பக்கம் பெரட்டிட்டு, தனக்குப் பிடிச்சத எடுக்கட்டும். "இது ரொம்பச் சின்னப் புத்தகம்"னு யாரும் பிடுங்கக் கூடாது. நீங்க வாசிச்சுக் காட்ட மட்டும் ஒண்ணு நீங்க எடுத்துக்கிடுங்க. நடுப்பக்கத்துல பின் கழண்டு தாள் விட்டிருக்கான்னு அங்கனயே பாத்திரணும், கதை முக்கியமான இடத்துல அந்தப் பக்கந்தான் இல்லாமப் போகும். புதுசாச் சேருதவங்க முகவரிச் சான்று நகலும் காப்புத்தொகையும் கொண்டாங்க.

[மதியம் 1:46] கீழ வீட்டு மைனி: செட்டு வேண்டாம்னு விட்டுட்டேன் அண்ணாச்சி. சனிக்கிழமை ரெண்டு பேரையும் கூட்டிட்டு வாரேன். ஆச்சி, சாயந்தரம் பைண்டிங்க எறக்க ஏணியோட வாரேன், நீங்க ஏறிராதிய.

[மதியம் 1:48] ஆச்சி: சரி தாயி. பிரஷ்ஷும் கொண்டா.