பனிக்கால முகாமுக்கு ராணுவ சர்பிளஸ் பை: வாங்கலாமா, வேண்டாமா?

முதல்பனி
எல்லோருக்கும் வணக்கம். பிப்ரவரி நடுவில் நண்பர்கள் நான்கு பேர் கனடாவின் அல்கோன்குவின் பூங்காவுக்குப் போகிறோம். முதல் இரவு மியூ லேக் முகாமில், காரை ஒட்டியே கூடாரம். அடுத்த இரண்டு இரவு ஹைலண்ட் பாதையில் கொஞ்ச தூரம் உள்ளே நடந்துபோய்த் தங்கத் திட்டம். இரவில் மைனஸ் 25 வரை இறங்கலாம். படுக்கைப்பை, அடுப்பு, சாப்பாடு, தடிமனான கோட்டு எல்லாம் சேர்த்து என் பங்குக்கு 22 கிலோ வருகிறது. என்னிடம் இருப்பது லேப்டாப் பை மட்டும்.

வீட்டுக்குப் பக்கத்தில் ராணுவம் கழித்துவிட்ட சாமான்களை விற்கிற சர்பிளஸ் கடை ஒன்று இருக்கிறது. அங்கே இரண்டு பை பார்த்தேன். ஒன்று அமெரிக்க ஆலிஸ், பெரிய அளவு, அலுமினிய ஃப்ரேமோடு 110 டாலர். இன்னொன்று பிரிட்டிஷ் பெர்கன், 95 டாலர். நல்ல புதுப் பை 400 டாலருக்குக் குறைந்து கிடைக்கவில்லை. எதை வாங்கலாம்?

கல்கரி மணி
யோசிக்கவே வேண்டாம், ஆலிஸ். 1973இல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட சாமான், இன்னமும் ஆட்கள் தேடித்தேடி வாங்குகிறார்கள். காரணம் அந்த ஃப்ரேம். பை முதுகில் ஒட்டாது, நடுவில் காற்று ஓடும். பனியில் குளிரை விட வியர்வைதான் ஆளைக் கவிழ்க்கும். ஏற்றத்தில் நனைந்த முதுகோடு நின்றால் ஐந்து நிமிடத்தில் பல் கிட்டிவிடும். ஃப்ரேமின் அடியில் படுக்கைப்பையைக் கட்டலாம், பக்கத்தில் பனியில் புதையாமல் நடக்கப் போடுகிற ஸ்னோஷூவைக் கட்டலாம். எதாவது கிழிந்தால் தடிமன் ஊசியும் நூலும் போதும்.

ஆலிஸுக்கு அடுத்து வந்த அமெரிக்க ராணுவப் பை, மோலி என்று ஒன்றைக் காட்டினால் மட்டும் எந்தக் காலத்துச் சரக்கு என்று கேளுங்கள். 1997இல் அது வந்தபோது இருந்த பிளாஸ்டிக் ஃப்ரேம் உடைந்து உடைந்து பெயரைக் கெடுத்துக்கொண்டது.

ஒட்டாவா வெண்பனி
மணி, உங்கள் ஆலிஸ் பக்தி எங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் கேட்டவர் இதுவரை முதுகில் பாரம் தூக்கி நடக்காதவர். அதை மறந்துவிட்டீர்கள்.

பெரிய ஆலிஸ் ஃப்ரேமோடு காலியாகவே 3 கிலோவுக்குப் பக்கம் வரும். அதன் இடுப்புப் பட்டை மெல்லிய நாடா, பின்னால் ஒரு சின்ன மெத்தை. பாரத்தை இடுப்புக்கு இறக்க அது போதாது, 22 கிலோவும் தோளில்தான் தொங்கும். தோள் நாடா அழுத்தினால் கைக்கு ரத்த ஓட்டம் குறையும். கோடையில் அது வெறும் வலி, மைனஸ் 25இல் விரல் மரத்துப்போகும்.

இன்னொன்று. அந்தப் பை துப்பாக்கியும் தோட்டாப் பெட்டியும் சுமக்கிறவனுக்காகச் செய்தது. அவன் இடுப்பில் ஏற்கெனவே ஒரு பெல்ட் முழுக்க சாமான் தொங்கும், அதனால் பையின் இடுப்புப் பட்டையைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. நம் இடுப்பு காலியாகத்தான் இருக்கிறது.

கல்கரி மணி
பட்டை மெல்லியது என்றால் மாற்றிக்கொள்ளலாமே. மோலியின் இடுப்புப் பட்டையையும் தோள் பட்டையையும் ஆலிஸ் ஃப்ரேமில் மாட்டி ஆயிரம் பேர் நடக்கிறார்கள். நானே அப்படித்தான் மாட்டியிருக்கிறேன், 30 டாலர் செலவு.

ஒட்டாவா வெண்பனி
சரி, 110, 30, வரி. அப்புறம் ஒரு வார இறுதி உட்கார்ந்து மாட்டுகிற வேலை. இதற்குப் பேர் மலிவா?

ஸ்காபரோ தம்பி
இரண்டு பேரும் கொஞ்சம் நில்லுங்கோ. முதலில் அந்தப் பை உண்மையிலேயே ராணுவப் பைதானா என்று பார்க்க வேண்டும். சர்பிளஸ் கடைகளில் பாதி சாமான் ராணுவ நிறத்தில் தைத்த நகல்தான்.

உள்ளே லேபிளில் 13 இலக்க எண் ஒன்று இருக்கும். முதல் நான்கு 8465 என்றால் ஆள் சுமக்கிற சாமான் வகை. அடுத்த இரண்டு இலக்கம் எந்த நாட்டுப் பதிவு என்று சொல்லும். 00, 01 அமெரிக்கா. 99 பிரிட்டன், 21 நம்முடைய கனடா, 12 ஜெர்மனி, 25 நோர்வே, 64 சுவீடன். லேபிளும் இல்லை, எண்ணும் இல்லை என்றால் கவனம்.

அடுத்தது, பையைத் திறந்து மூக்கை உள்ளே விடுங்கோ. நான் பகிடிக்குச் சொல்லவில்லை. நைலோனின் உள்பக்கத்தில் தண்ணீர் புகாமல் ஒரு பூச்சு இருக்கும். வருடக்கணக்காகக் கிடங்கில் கிடந்தால் அது பிசுபிசுத்து, பிறகு வெள்ளைச் செதிலாக உதிரும். வாந்தி மாதிரிப் புளித்த மணம் ஒன்று வரும். அந்த மணம் படுக்கைப்பைக்கு ஏறினால் போகாது. அனுபவம்.

நானென்றால் இரண்டையும் விட்டுவிட்டு கனடாப் படையின் 64 பற்றேர்ன், அதாவது 1964 மாதிரி, ஃப்ரேம் தேடுவேன். அதில் 82 பற்றேர்ன் பையைக் கட்டினால் இங்கத்தைக் காட்டுக்குக் காணும்.

கல்கரி மணி
64 ஃப்ரேமை இப்போது எங்கே தேடுவது தம்பி? கிடைத்தால் எனக்கும் ஒன்று சொல்லுங்கள்.

வேலூர் சுபேதார் (ஓய்வு)
தம்பிகளா, நான் பை வாங்கியவன் இல்லை, கொடுத்த பையைத் தூக்கியவன். இந்திய ராணுவத்தில் எங்களுக்கு அது பிட்டூ. லடாக் பக்கம் மூன்று குளிர்காலம் பார்த்திருக்கிறேன்.

எந்த நாட்டுப் பை என்று கேட்கிறீர்கள். நான் கேட்பது ஒன்றுதான்: தடிமன் கையுறையோடு அதைத் திறக்க முடிகிறதா? எங்களோடு இருந்த பையன் ஒருவன் பிட்டூவின் பக்கிள் பனியில் இறுகிவிட்டது என்று கையுறையைக் கழற்றினான். இரும்பு பக்கிள், வெறும் கை. இரண்டு நிமிட வேலைதான். மூன்று விரல் நுனி மெழுகு மாதிரி வெளுத்துவிட்டது. என் அக்குளில் அந்தக் கையை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். விரல் பிழைத்தது, தோல் உரிந்தது.

கடைக்குப் போகும்போது கையுறையை எடுத்துப் போங்கள், விரல் பிரியாத மிட்டன் வகை. அதைப் போட்டுக்கொண்டு பையின் வாயைத் திறந்து மூடுங்கள். ஜிப் இருந்தால் அதன் நுனியில் ஒரு சாண் கயிற்றை வளையமாகக் கட்டிவிடுங்கள். கோட்டையும் போட்டுப் பாருங்கள். இடுப்புப் பட்டையை இறுக்கினால் கோட்டின் கீழ்ப் பாக்கெட் இரண்டும் அதற்குள் மாட்டிக்கொள்ளும். தீப்பெட்டி அதில்தான் இருக்கும்.

தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாகச் செருகுங்கள். ஐஸ் மேலிருந்துதான் கட்டும். நிமிர்த்தி வைத்தால் வாய் அடைத்துக்கொள்ளும், கவிழ்த்து வைத்தால் அடிப்பக்கம் உறையும், வாய் திறக்கும். குழாய் வைத்த தண்ணீர்ப் பை வேண்டவே வேண்டாம், முதல் மணி நேரத்திலேயே குழாய் உறைந்துவிடும்.

முதல்பனி
ஐயா, மிக்க நன்றி. கையுறை விஷயம் என் புத்திக்கு எட்டவே இல்லை.

ஒஸ்லோக்காரன்
தாமதமாக வருகிறேன். இங்கே நார்வேயில் 22 கிலோவை முதுகில் ஏற்றிக்கொண்டு பனியில் புதைந்து நடக்கப்போகிறேன் என்று சொன்னால் பாவமாகப் பார்ப்பார்கள். இழுக்க வேண்டியதை ஏன் சுமக்க வேண்டும்? புல்க் என்று ஒரு சறுக்கு வண்டி, இடுப்பில் ஒரு வார், அவ்வளவுதான். முதுகில் ஒரு சின்னப் பை: கோட்டு, தெர்மோஸ், கொறிக்க ஏதாவது. முதுகு வியர்க்காது, தோளும் நோகாது.

ராணுவம்தான் வேண்டும் என்றால் ராணுவங்களும் இழுக்கத்தான் செய்கின்றன. அமெரிக்கப் படையின் அஹ்கியோ வண்டி 200 பவுண்டு ஏற்றும், அந்தப் பெயரே ஃபின்லாந்திலிருந்து போனது. உங்கள் கனடாப் படையும் கூடாரத்தையும் அடுப்பையும் டொபாகன் என்கிற சறுக்கு வண்டியில் கட்டித்தான் இழுக்கிறது.

சந்தடி சாக்கில் ஒரு ஊர்ப் பெருமை. அந்த பிரிட்டிஷ் பைக்கு பெர்கன் என்ற பெயர் வந்தது எங்கள் ஊர் ஓலே பெர்கானிடமிருந்து. 1908இல் தொளதொளத்த பையைச் சுமந்து வெறுத்துப்போன மனிதர், ஜூனிப்பர் மரக் கொம்பு ஒன்றைத் தன் முதுகு வளைவுக்கு வளைத்துப் பையில் கட்டிப் பார்த்தார். அடுத்த ஆண்டே காப்புரிமை. ஃப்ரேம் வைத்த பையைச் செய்து கொடுத்த ஊரே இன்று பனியில் வண்டி இழுக்கிறது என்றால் யோசித்துக்கொள்ளுங்கள்.

கல்கரி மணி
ஒஸ்லோ நண்பரே, ஹைலண்ட் பாதையைப் பார்த்திருக்கிறீர்களா? ஒற்றையடி, ஏற்றம், இறக்கம், குறுக்கே விழுந்த மரம். உறைந்த ஏரி மேல் உங்கள் வண்டி ஓடும். இங்கே இறக்கத்தில் பின்னாலிருந்து வந்து குதிகாலில் மோதும், சரிவில் கவிழும். மரம் வந்தால் அவிழ்த்துத் தூக்க வேண்டும்.

சுமக்க முடியாது என்பதும் சும்மா பேச்சு. 1982இல் ஃபாக்லாந்துப் போரில் பிரிட்டிஷ் மரைன்களின் 45 கமாண்டோ என்கிற படைப்பிரிவு மூன்று நாளில் 56 மைல் நடந்தது, ஆளுக்கு 80 பவுண்டு. குளிர், ஈரம், சேறு. பையோடுதான் நடந்தார்கள்.

ஒட்டாவா வெண்பனி
அவர்கள் ஏன் நடந்தார்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள் மணி. மே 25 அன்று அவர்களுடைய அட்லாண்டிக் கன்வேயர் என்ற சரக்குக் கப்பல் ஏவுகணையில் அடிபட்டது. அதிலிருந்த சினூக் ஹெலிகாப்டர்களில் ஒன்றுதான் தப்பியது. ஏற்றிப்போக வேண்டியது எரிந்துபோனதால் நடந்தார்கள். பை நன்றாக இருந்தது என்று கிளம்பிய நடை இல்லை அது. போர் முடிவதற்குள் எத்தனை பேருக்குக் கால் அழுகியது என்பதையும் படித்துப் பாருங்கள். 22 வயது கமாண்டோவை உதாரணம் காட்டி ஆபீஸ் வேலை பார்க்கிறவருக்குப் பை விற்காதீர்கள்.

ஸ்காபரோ தம்பி
அக்கா சொல்வது சரி. அந்தச் சண்டையில் அவர்கள் இடுப்பில் கட்டியிருந்தது 58 பற்றேர்ன் பெல்ட்டும் பைகளும், பருத்தித் துணி. தண்ணீர் குடித்துக் கனக்கும், குளிரில் பலகை மாதிரி விறைக்கும். சர்பிளஸ் கடையில் பழைய கான்வஸும் தோல் வாரும் பார்க்க வடிவாகத்தான் இருக்கும். சுவரில் மாட்டுங்கோ, பனிக்குக் கொண்டுபோக வேண்டாம்.

ஒஸ்லோக்காரன்
மணி, குதிகாலில் மோதுவது கயிற்றால் இழுத்தால்தான். கயிற்றை இரண்டு பிவிசி குழாய்க்குள் விட்டு, குழாய்களைப் பெருக்கல் குறி போலக் குறுக்கே வைத்து இடுப்பில் மாட்டினால் வண்டி தள்ளியே நிற்கும், திரும்பும்போதும் சொன்னபடி கேட்கும். பிள்ளைகள் சறுக்குகிற பிளாஸ்டிக் வண்டி போதும், எல்லாம் சேர்த்து 40 டாலருக்குள் முடியும். விழுந்த மரத்துக்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை. அதை ஒப்புக்கொள்கிறேன்.

கல்கரி மணி
ஒப்புக்கொண்டீர்களே, அது போதும்.

முதல்பனி
இன்று மாலை கடைக்குப் போய்வந்தேன். கோட்டு, மிட்டன் எல்லாம் போட்டுக்கொண்டு. கடைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

பெர்கனின் லேபிளில் 8465, அடுத்து 99. அசல் பிரிட்டிஷ் பைதான், மணமும் இல்லை. ஆனால் அதே லேபிளில் நீள முதுகு என்று போட்டிருக்கிறது. நான் ஐந்தடி நான்கங்குலம். மாட்டிப் பார்த்தால் இடுப்புப் பட்டை பின்பக்கத்துக்குக் கீழே போய் உட்கார்ந்தது, நடக்கும்போது பை தொடையை இடித்தது. பக்கப் பை இரண்டும் ஜிப்பில் கழன்று தனிச் சின்னப் பையாகிறது, அது பிடித்திருந்தது. அதை மட்டும் தனியாகத் தர மாட்டாராம்.

ஆலிஸில் எண் சரி, 01. முதுகுக்கும் பொருந்தியது. ஆனால் பையின் வாயைச் சுருக்குகிற கயிற்றில் ஒரு பிளாஸ்டிக் பூட்டு இருக்கிறதே, அதை மிட்டனோடு அமுக்க முடியவில்லை. நான்கு முறை முயன்றேன். உள்ளே பார்த்தால் மேல் மடிப்போரமாக வெள்ளைச் செதில். மூக்கை விட்டேன். ஸ்காபரோ தம்பி சொன்னதை இனி மறக்க மாட்டேன்.

ஸ்காபரோ தம்பி
சொன்னேனே!

கல்கரி மணி
பை போனால் போகட்டும், ஃப்ரேம் நன்றாக இருந்ததா? ஃப்ரேமை மட்டும் பேரம் பேசுங்கள். தண்ணீர் புகாத உருளைப் பை ஒன்றை அதில் வாரால் கட்டினால் சுருக்குக் கயிறும் இல்லை, செதிலும் இல்லை. பட்டை நான் தருகிறேன், வீட்டில் உபரி கிடக்கிறது. தபால் செலவு மட்டும் உங்களுடையது.

ஒட்டாவா வெண்பனி
இது நல்ல யோசனை. மணியோடு ஒத்துப்போவது எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது. ஆனாலும் 22 கிலோவை அதில் ஏற்றாதீர்கள். நான்கு பேரில் இருவர் வண்டி இழுங்கள், கூடாரமும் சாப்பாடும் அதில் போகட்டும். மற்ற இருவர் விழுந்த மரத்தில் வண்டியைத் தூக்கிவிடுங்கள்.

முதல்பனி
ஃப்ரேமை மட்டும் 45 டாலருக்குக் கேட்டிருக்கிறேன், நாளை சொல்கிறேன் என்றார். வண்டிக்கு என் மகளுடைய சிவப்பு சறுக்கு வண்டி இருக்கிறது. இன்னும் அவளிடம் கேட்கவில்லை. ஓட்டை போட வேண்டியிருக்கும் என்பதை எப்படிச் சொல்வது என்றுதான் யோசிக்கிறேன்.

வேலூர் சுபேதார் (ஓய்வு)
நல்லது தம்பி. கிளம்புவதற்கு முந்தின வாரம் எல்லாவற்றையும் கட்டி ஒரு ராத்திரி பால்கனியில் போட்டுவையுங்கள். காலையில் விறைத்துக் கிடக்கும்போது இருட்டிலேயே, கையுறையோடு, அடுப்பை வெளியே எடுத்துப் பாருங்கள். தடிமன் கோட்டு பையின் வாயிலேயே இருக்கட்டும், நடை நின்ற உடனே கைக்கு வர வேண்டியது அதுதான். கயிற்றை முடிச்சாகப் போடாமல் சுருக்காகப் போடுங்கள், இழுத்தால் அவிழும்.