புதுப்பிப்பு: போஸ்ட்டாக் அப்ளிகேஷன் என்னாச்சுன்னா

போன மாசம் கேட்டிருந்தேன்ல, வெளிநாட்டு யுனிவர்சிட்டி ஒண்ணு பிசிக்ஸ்லேர்ந்து பயாலஜி வரைக்கும் எல்லாத்துக்கும் போஸ்ட்டாக் (பிஎச்டிக்கு அப்புறம் பண்ற ஆராய்ச்சி வேலை) எடுக்குது, நெல்வயல்லேர்ந்து வர்ற மீத்தேன் வாயுல பிஎச்டி முடிச்சவ போடலாமான்னு. போட்டாச்சு, இண்டர்வியூவும் முடிஞ்சுது! நீங்க சொன்னபடி முன்னாடியே அந்த லேப் புரொபசருக்கு மெயில் போட்டதுதான் பெரிய உதவி, ரொம்ப நன்றி.

பேப்பர் லிஸ்ட்ட பத்தி அவ்ளோவா கேக்கல, வயல பத்திதான் கேட்டாங்க. தண்ணி கட்டியே கெடந்தா மண்ணுல ஆக்சிஜன் தீந்து மீத்தேன் விடுற நுண்ணுயிர் பெருகும், காயவிட்டு காயவிட்டு பாய்ச்சுனா குறையும், ஆனா மேட்டூர் தொறந்து முறை வெச்சு வர்ற தண்ணிய வாய்க்கால் கடைசில இருக்க நம்ம கடைமடைக்காரர் எந்த தைரியத்துல வடியவிடுவாரு, அடுத்த முறை எப்ப வரும்னு அவருக்கு தெரியாதேன்னு சொன்னேன், ஸ்கிரீன்ல இருந்த எல்லாரும் நோட் எடுக்க ஆரம்பிச்சிட்டாங்க. திருத்துறைப்பூண்டி பக்கத்து வாய்க்கால் கதை அங்க போய் சேந்ததே எனக்கு அவ்ளோ சந்தோஷம்.

நம்ம நாட்டு நேஷனல் போஸ்ட்டாக் ஃபெலோஷிப் (ஆராய்ச்சி உதவித்தொகை) பத்தி கேட்ட தம்பிகளுக்கு: தீசிஸ் சப்மிட் பண்ணிட்டாலே போடலாம், வயசு 35க்குள்ள, பெண்களுக்கு 5 வருஷம் தளர்வு உண்டு, ஆனா பிஎச்டி கைடே இதுக்கும் மென்ட்டரா (வழிகாட்டியா) இருக்க முடியாது, அதனால வேற லேப்ப இப்பவே தேடி பேசிடுங்க.

ரிசல்ட் இன்னும் வரல, வந்ததும் போடறேன்.