எண்ணெய்க் கிணற்றுக்குள் தண்ணீர் ஏற்றியவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்க

ரிக்குக்காரன், திருச்செங்கோடு:
போர் ரிக்கில் கைபழகி, குஜராத் பக்கம் எண்ணெய் வயலுக்குப் போனவன் நான். கெட்டி மணற்பாறை, தண்ணீர் ஊடுருவும் அளவு 5 மில்லிடார்சி கூடத் தேறாது. எண்ணெயைப் பக்கத்து உற்பத்திக் கிணற்றுக்குத் தள்ளத் தண்ணீர் ஏற்றுகிற கிணறுதான் இன்ஜெக்‌ஷன் கிணறு. இன்ஜெக்‌ஷன் கிணற்றில் அழுத்தமானி முள் ஏறுகிறதே தவிர, தண்ணீர் இறங்கவில்லை. "இன்னும் ஏத்து" என்றார் மேலே இருந்தவர். ஏற்றினோம். ஒரு ராத்திரி முள் பொசுக்கென்று விழுந்தது, தண்ணீர் மடமடவென்று இறங்கியது. எல்லோருக்கும் சந்தோஷம். பதினோராம் நாள் காலையில் பக்கத்து உற்பத்திக் கிணற்றில் சாம்பிள் பிடித்தேன். பாட்டில் முழுக்கத் தண்ணீர், மேலே ஒரு விரற்கடை கறுப்பு. டார்ச் அடித்து அடித்துப் பார்த்தேன். பாறை பிளந்து, நாங்கள் விட்ட தண்ணீர் நேராக அங்கே போய்விட்டது.

தோட்டத்துக்காரன், காங்கேயம்:
எண்ணெய் தெரியாதுங்க. பக்கத்துத் தோட்டத்தில் ரிக் ஓடியபோது எங்கள் போர் மூடி எகிறி, வெள்ளைச் சேறு பீய்ச்சியது. அப்பிச்சி கட்டிலை இழுத்துக்கொண்டு ஓடினார். அதே கதைதானே?

பெருந்துறை பொறியாளர்:
அதே கதை இல்லைங்க. நம்ம பாறையில் தண்ணீர் இருப்பதே வெடிப்பில்தான். மணற்பாறையில் எண்ணெய் துளைக்குள் இருக்கிறது. வெடிப்பு அதைத் தொடாமல் தண்ணீரைக் கடத்திவிடும். ஆனால் தண்ணீரை விரும்பும் பாறையாக இருந்தால், செங்கல் உறிஞ்சுவது மாதிரி வெடிப்பிலிருந்து தண்ணீரை மெல்ல இழுத்து எண்ணெயை வெளியே தள்ளும். டெக்ஸாஸின் ஸ்ப்ராபெரி வயலில் 1950களிலேயே இதைப் பேசினார்கள். அவசரப்பட்டால் அதுவும் நடக்காது. ரிக்குக்கார அண்ணா, முதலில் ஸ்டெப் ரேட் டெஸ்ட் செய்து, அதாவது தண்ணீரைப் படிப்படியாகக் கூட்டி, பாறை எந்த அழுத்தத்தில் பிளக்கும் என்று பார்த்து, அதற்குக் கீழேயே நிறுத்தியிருக்க வேண்டும். வெடிப்பு ஓடும் திசையில் இன்ஜெக்‌ஷன் கிணறுகளை வரிசையாக வைத்தால், எண்ணெய் பக்கவாட்டில் நகரும். பாறையில் உள்ள களிமண் தண்ணீர் பட்டு ஊதுமா என்று கோரில், அதாவது தோண்டி எடுத்த பாறைத் துண்டில், சோதிக்க வேண்டும். தண்ணீரை நன்றாக வடிகட்ட வேண்டும். இவ்வளவு சின்னத் துளைக்குத் தூசியே போதும் அடைக்க. என் சொந்த அனுபவம் அதுதான்: வடிகட்டியை மாற்றாமல் விட்டு ஒரு கிணற்றையே அடைத்தோம்.

ரிக்குக்காரன்:
ஸ்டெப் ரேட் டெஸ்ட் எங்களுக்கும் தெரியும்ங்க. அதற்கு நாள் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். காங்கேயத்துக்காரரே, அப்புறம் உங்கள் போரில் தண்ணீர் நின்றதா?

தோட்டத்துக்காரன்:
எங்கீங்க. அவங்க மோட்டார் போட்டால் எங்களுக்குக் காத்துதான் வருது.