பொன்னியின் செல்வன் படம் பார்த்த வன்னி ஆக்கள், உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கோ

முதிரையடி:
முதலாம் பாகம் வந்தது 2022 செப்டெம்பர் கடைசியில். பெற்றோலைக் கியூஆர் குறியீடு காட்டிப் பங்கீட்டில் வாங்கிய நேரம், மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு நாலு லீற்றர். அதை எரித்துக்கொண்டு வவுனியா போய்த்தான் பார்த்தேன். கதை எல்லோருக்கும் தெரியும். நான் காத்திருந்தது மாதோட்டத்திலிருந்து அநுராதபுரம் போகிற அந்தக் காட்டுப் பாதைக்கு. ஜாம் போத்தல் விளக்கில் அந்த அத்தியாயத்தை வாசித்த காலத்தில், எங்கள் வேலிக்கு அங்காலே நின்ற பாலை மரமும் வீரை மரமும்தான் எனக்கு வந்தியத்தேவன் நடந்த காடு. திரையில் இலங்கை என்று காட்டியது தாய்லாந்தை. ஈரம் சொட்டுகிற பச்சை. எங்கள் காடு செப்டெம்பரில் எப்படி இருக்கும்? கால் வைத்தால் சருகு நொருங்கும், இலையெல்லாம் செம்புழுதி. பக்கத்துச் சீற்றில் இருந்த பெடியன் "என்ன வடிவான இடம் அண்ணை!" என்றான். அந்தக் கோபம் இன்னும் போகவில்லை.

குளக்கட்டு:
முதிரையடி, மாதோட்டம் மன்னாரில் இருக்கிறது. அது எப்போது உங்கள் வேலிக்கு அங்காலே வந்தது? தோட்டா தரணி போட்ட அரண்மனை, ரவி வர்மன் பிடித்த வெளிச்சம் ஒன்றும் கண்ணில் படவில்லை, மரம்தான் பட்டதோ?

முதிரையடி:
வன்னித் தேர்தல் மாவட்டத்துக்குள் மன்னாரும் அடக்கம். கிளிநொச்சிதான் யாழ்ப்பாணத்தோடு. வாக்குச்சீட்டை எடுத்துப் பாருங்கோ.

மல்லாவிப் பேத்தி:
சண்டையை விடுங்கோ. எனக்கு மறக்க முடியாதது இரண்டாம் பாகம் பார்த்த நாள். அம்மம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். 96இல் கிளிநொச்சியிலிருந்து மல்லாவிக்கு இடம்பெயர்ந்திருந்தபோது, ஐந்து பாகத்தையும் மாமா வாசிக்கக் கேட்டவர். படம் முடிந்து, லைற் போட்டு, சனம் எழும்பிவிட்டது. அம்மம்மா எழும்பவில்லை. "இரு பிள்ளை, மணிமேகலை இன்னும் வரேல்லை" என்றார். நாவல் முடிவதே அவள் வந்தியத்தேவன் மடியில் உயிர் விடுவதோடுதானே. படத்தில் அந்தப் பிள்ளையே இல்லை என்று நான் எப்படிச் சொல்ல? பெயர்கள் ஓடி முடியும்வரை திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டுகிற அக்கா காலடியில் வந்து தும்புத்தடியை நிறுத்திவிட்டு, "இனி இல்லை அம்மா" என்று சொன்ன பிறகுதான் என் கையைப் பிடித்தார். ஐஸ்வர்யா ராய் நந்தினியாகவும் ஊமை ராணியாகவும் வந்து அவ்வளவு வடிவாய்ச் செய்திருந்தார். அதைப் பற்றி வழியில் ஒரு கதையும் இல்லை.

ஓய்வூதியர்:
பேத்தி, அம்மம்மாவை முதலிலேயே தயார்படுத்தியிருக்க வேண்டும். நானும் மகளோடு பார்த்தேன், புத்தகத்தில் போல சேந்தன் அமுதனுக்கு முடிசூட்டவில்லையே என்று அவள் கேட்டாள், அவ்வளவுதான். எல்லோரும் ஒன்றைக் கவனியுங்கள். 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் கிழமைக்குக் கிழமை வந்த கதை. இரண்டு படமும் சேர்த்து ஐந்தரை மணித்தியாலம். எம்ஜிஆர் உரிமை வாங்கி வைத்தும் எடுக்க முடியாமல் போனதற்குக் காரணம் இல்லாமலா? ஆள் குறைக்காமல் எடுக்க முடியாது. ஆகவே படத்துக்குப் போகமுன் புத்தகத்தைத் தூக்கி வைத்துவிட வேண்டும். பார்த்து ஒரு மாதம் கழித்து மறுபடி எடுங்கள். பிள்ளைகளிடம் தடித்த புத்தகத்தைக் கொடுத்துவிட்டு வாசி வாசி என்று நிற்காதீர்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு அத்தியாயம், சத்தமாக. தொடர்கதை என்றபடியால் ஒவ்வொரு அத்தியாயமும் ஆளைத் தொங்கவிட்டுத்தான் முடியும், அடுத்த நாள் அவர்களே கேட்பார்கள். கல்கியின் எழுத்து நாட்டுடைமை, இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். கண்ணாடி போடுகிறவர்கள் எழுத்தைப் பெருப்பித்து வாசிக்கலாம். இன்னொன்று, படத்தைப் போனில் பார்க்காதீர்கள்.

முல்லைக்கரை:
ஐயா, நாங்கள் போனில்தான் பார்த்தோம். மீன்வாடிக்குள் அப்பா வலை பொத்திக்கொண்டிருந்தார், அலைகடல் பாட்டு வந்தது. ஊசியை வைத்துவிட்டுப் போனை வாங்கிப் படகுக்காரி பூங்குழலியின் கையை விரலால் பெருப்பித்துப் பார்த்தார். "கதை ஆடிப்பெருக்கில துவங்குது எண்டாய். ஆடிச் சோளகக் காத்துக்க கொடிக்கரையில இருந்து தனிய வலிச்சு வாற பெட்டையோ இது? உள்ளங்கையில ஒரு காய்ப்பு இல்லை." பிறகு தன் கையைப் போனுக்குப் பக்கத்தில் விரித்துக் காட்டினார். வைரம், பட்டு, யானை எல்லாவற்றுக்கும் அவ்வளவு செலவழித்தவர்கள் அந்தக் கைக்குக் கொஞ்சம் மினக்கெட்டிருக்கலாம். இதில் குளக்கட்டு என்ன சொல்லப்போகிறார் என்று பார்ப்போம்.