தொட்டி மிளகாய் குளிரைத் தாண்ட ஒரு சொல்

அன்புள்ள நண்பர்களே,
தொட்டித் தோட்டக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ஓவர்விண்டரிங் என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் தெரியாமல் நிற்கிறேன். மிளகாய் பல்லாண்டுச் செடி. உறைபனிதான் அதைக் கொல்கிறது. அதனால் குளிர் இறங்குமுன் கிளைகளை முதல் கவை அளவுக்கு வெட்டி, இலையடியில் அசுவினி இல்லை என்று பார்த்து, தொட்டியோடு வீட்டுக்குள் எடுத்துப்போகிறோம். 10 டிகிரி செல்சியசுக்குக் குறையாத இடம், மண் காய்ந்தபின் கொஞ்சம் நீர், அவ்வளவுதான். இளவேனிலில் துளிர்த்து, விதைபோட்ட செடிக்கு முன்பே காய்த்துவிடும். இதற்கெல்லாம் ஒரே சொல் வேண்டும். ‘குளிர்கடத்தல்’ சரியா?

* * *

வேண்டாம் தம்பி. வெப்பக்கடத்தல் படித்த மாணவருக்கு அது இயற்பியல். தொல்காப்பியப் புறத்திணையியலில் ‘கூதிர் வேனில் என்றிரு பாசறை’ இருக்கிறதே! கூதிர் என்பது குளிர்ப் பருவம்; போர்மேல் சென்ற வேந்தன் வாடையிலும் பெயராமல் தங்குவது கூதிர்ப்பாசறை. செடியும் அப்படித்தான் தங்குகிறது. ‘கூதிரிருப்பு’ என்போம். கூதல் இன்றும் பேச்சில் உண்டு.

* * *

ஐயா, பாசறைக்குப் போகிறவன் வீட்டைவிட்டுப் போகிறான். செடியோ வீட்டுக்குள் வருகிறது. கூதிர் ஐப்பசி, கார்த்திகையோடு முடிகிறது. செடி முன்பனி, பின்பனி இரண்டையும் கடந்தாக வேண்டும். மிளகாய் என்ற பெயரையே பாருங்கள். 1492க்குப் பிறகு அமெரிக்காவிலிருந்து வந்த காயை, தெரிந்த மிளகோடு சேர்த்துச் சொன்னார்கள். யாருக்கும் அகராதி வேண்டியிருக்கவில்லை. நான் சொல்வது ‘பனிகழித்தல்’. பொழுது கழிப்பதும் கிளை கழிப்பதும் ஒரே சொல்லில் வந்துவிடுகின்றன.

* * *

அந்தக் கிளை கழிப்புதான் எனக்குப் பயம். வெட்டுவது மட்டுமே வேலை என்று நினைத்துத் தொட்டியை வெளியே விட்டால் செடி போச்சு. அப்புறம், பனியைக் கழிப்பது செடியா, நாமா? தன்வினையும் பிறவினையும் பிரியவில்லை. ‘குளிர்காப்பு’ போதாதா?

* * *

காப்பு என்றால் தொட்டியைச் சாக்கால் சுற்றுவதும் காப்புதானே அம்மா.

* * *

நேரமில்லை, நண்பர்களே. மூன்று பேர் பக்கம் நிற்பதால் ‘பனிகழித்தல்’ என்றே போடுகிறேன். ‘பனிகழிப்பு’ என்று சுருக்கவில்லை, கழிப்பறை நினைவுக்கு வருகிறது. முதல் இடத்தில் ‘குளிர்காலம் முழுதும் செடியை வீட்டுக்குள் வைத்துப் பேணுதல்’ என்று விளக்கம் இருக்கும்.

* * *

போடுங்கள். என் மறுப்பும் பதிவில் இருக்கட்டும். இலை உதிர்ந்து, குச்சியாக நின்று, வேரில் உயிரை வைத்துக்கொண்டு அந்தச் செடி செய்வது ஒன்றே: இருக்கிறது. ‘இருப்பு’ என்ற சொல்லை மட்டும் விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.