இரட்டை உறுப்பினர் தொகுதியைக் கைவிட்டது சரியா?

காட்பாடி வாசகர்:
குடியாத்தமும் கே.வி.குப்பமும் பட்டியலினத்தவருக்கான தனித்தொகுதிகளாக இருப்பதால் மற்றவர்கள் அங்கே நிற்கவே முடியவில்லை என்ற புலம்பல் தேர்தலுக்குத் தேர்தல் எழுகிறது. 1952இலும் 1957இலும் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. அப்போது வேலூர் மக்களவைத் தொகுதி பொது இடத்துக்கு ஒருவர், ஒதுக்கப்பட்ட இடத்துக்கு ஒருவர் என இரண்டு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்தது. ஆளுக்கு இரண்டு வாக்குகள்; ஒவ்வொரு வேட்பாளருக்கும் சின்னம் ஒட்டிய தனிப் பெட்டி; இரண்டு வாக்கையும் ஒருவருக்கே போட முடியாது. அரசியல் நிர்ணய சபை கண்ட சமரசத்தின் நேர்த்தியான வடிவம் அதுதான். 1961இல் அதை ஒழித்தது பிழை.

ஆற்காட்டுக்காரர்:
ஐயா, சபை அப்படி எதையும் முடிவு செய்யவில்லை. அரசியல் சட்டத்தின் 330, 332ஆம் பிரிவுகள் இடம் ஒதுக்க வேண்டும் என்பதோடு நிற்கின்றன. எந்த வடிவில் என்பதை நாடாளுமன்றச் சட்டத்துக்கு விட்டுவிட்டார்கள். உண்மையான சண்டை, ஒதுக்கிய இடத்தில் நிற்பவர் யாருடைய வாக்கால் வெல்ல வேண்டும் என்பதில்தான் இருந்தது. 1932ஆம் ஆண்டின் பூனா ஒப்பந்தம், தாழ்த்தப்பட்டோர் மட்டுமே வாக்களித்துத் தம் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் தனி வாக்காளர் தொகுதியை விட்டுக்கொடுக்கச் செய்து, அதற்கு ஈடாக மாகாண சபைகளில் 148 இடங்களைத் தந்தது. அவற்றில் சென்னைக்கு 30. கூடவே, தாழ்த்தப்பட்ட வாக்காளர்கள் முதலில் நால்வரைப் பொறுக்கியெடுக்க, அவர்களில் ஒருவரை அனைவரும் சேர்ந்து தேர்ந்தெடுக்கும் முறையையும் தந்தது. அந்த முதற்கட்டம் பிறகு தொடரவில்லை. 1947 ஆகஸ்டில் அரசியல் நிர்ணய சபையின் சென்னை மாகாண உறுப்பினர் நாகப்பா, ஒதுக்கிய இடத்தில் தாழ்த்தப்பட்டோரின் வாக்குகளில் 35 சதவீதமாவது பெற்றவரையே வெற்றி பெற்றவராக அறிவிக்க வேண்டும் என்று திருத்தம் கொண்டுவந்தபோது, படேல் எதிர்த்தார், அது நிறைவேறவில்லை. நீங்கள் புகழும் இரட்டைத் தொகுதியிலும் ஒதுக்கீட்டு உறுப்பினரைத் தீர்மானித்தது மற்றவர்களின் இரண்டாவது வாக்குதானே?

கே.வி.குப்பம் வாசகி:
இரட்டைத் தொகுதியை ஏன் ஒழித்தார்கள் என்பதையும் பேசுங்கள். பரப்பும் செலவும் பெரிது என்றார்கள்; அது பொய்யில்லை. ஆனால் 1957இல் ஆந்திரத்தின் பார்வதிபுரம் இரட்டைத் தொகுதியில் இரண்டு இடங்களையும் பழங்குடியினரே வென்றார்கள். தோற்றவர், பின்னாளில் குடியரசுத் தலைவரான வி.வி.கிரி. பழங்குடி வேட்பாளர் பொது இடத்தையும் பெறலாம் என்று உச்ச நீதிமன்றம் 1959இல் தீர்ப்பளித்தது. அடுத்த இரண்டே ஆண்டுகளில் இரட்டைத் தொகுதிகள் போயின. தற்செயல் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை.

காட்பாடி வாசகர்:
என் வாதத்துக்கு அதுவே வலு, அம்மா. பொது இடமும் அவர்களுக்குத் திறந்திருந்தது. இன்றைக்குப் பொதுத் தொகுதியில் பட்டியலினத்தவரை நிறுத்தும் துணிவு எத்தனை கட்சிகளுக்கு இருக்கிறது?

ஆற்காட்டுக்காரர்:
பார்வதிபுரம் விதிவிலக்கு, விதிவிலக்கை வைத்து ஒரு முறையைத் திரும்பக் கொண்டுவர முடியாது. மீட்க வேண்டியது பூனாவின் முதற்கட்டத்தை. வேட்பாளரைச் சென்னையிலுள்ள கட்சித் தலைமை முடிவு செய்யும் வரை, உறுப்பினர் தம் மக்களுக்கு அல்ல, அந்தத் தலைமைக்கே கட்டுப்பட்டிருப்பார்.

காட்பாடி வாசகர்:
நோக்கத்தில் எனக்கு மறுப்பில்லை, வழியில்தான் மறுப்பு. முதற்கட்டத்துக்குச் சாதிவாரியான வாக்காளர் பட்டியல் வேண்டும். ஒரு தொகுதிக்கு ஒரே பொதுப் பட்டியல்தான் என்று 325ஆம் பிரிவு கதவை அடைத்துவைத்திருக்கிறது. உங்கள் யோசனைக்கு அரசியல் சட்டத்தையே திருத்த வேண்டும். என்னுடையதற்கு நாடாளுமன்றம் ஒரு சாதாரணச் சட்டம் இயற்றினாலே போதும்.